மரத்தில் இன்னொரு ஆள்

அத்தியாயம் 4

“என் குடும்ப மரத்துல வேற யாரோ ஏறிக்கிட்டிருக்காங்க” என்றாள் வந்தவள்.

“குரங்கா இருக்கும்க்கா” என்றான் ரேடியோ.

மேடம் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்று அர்த்தம். மூடினான். எவ்வளவு நேரத்துக்கு என்பது வேறு விஷயம்.

இந்த இருவரையும் ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. துப்பறியும் அம்மாளுக்குத் தந்தி என்று பட்டப்பெயர். வார்த்தைக்கு வார்த்தை கட்டணம் கட்டுகிறவர்போல அளந்து பேசுவார். உதவியாளனுக்கு ரேடியோ, காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாவி செய்யும் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அலுவலகம். கீழே இரும்பை ராவுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். அந்தச் சத்தம் தாங்காமலே பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள் என்பது ரேடியோவின் கட்சி.

இவள் கக்குகிற ரகமாகத் தெரியவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு, இடது கையை மடியிலிருந்த கைப்பைக்கு அடியில் செருகி, பையை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். உள்ளே வைரம் கியிரம் இருக்குமோ என்று நினைத்தான் ரேடியோ.

“விவரமா” என்றார் மேடம்.

“எனக்கு ஏழு வயசுல அம்மா போயிட்டாங்க, மேடம். அப்பா என்னைத் தூக்கிக்கிட்டு வேற ஊர் வந்துட்டார். அம்மா பக்கத்துச் சொந்தம் ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்பாவும் போனப்புறம், இந்த வருஷம் திடீர்னு ஒரு வேகம். யார் யாருன்னு தேடிப் பார்த்துடணும்னு. பொழுதுபோக்குத்தான்.”

பொழுதுபோக்கு அவளை நன்றாகவே ஓட்டியிருந்தது. ஆரம்பத்தில் கையிலிருந்தது அம்மாவின் போட்டோ ஒன்றுதான். அதன் முதுகில் ஒரு ஸ்டுடியோவின் முத்திரை. தேடிப் போனால் ஸ்டுடியோ செருப்புக் கடையாகியிருந்தது. செருப்புக் கடைக்காரரின் மாமனார்தான் அந்தக் காலத்துப் போட்டோகிராபர் என்பது அதிர்ஷ்டம். அவர் கைகாட்டிய சலவைக் கடையில் ஒரு சித்தி. சித்தி சொல்லி ஒரு பெரியம்மா. சாப்பாட்டு அறைச் சுவரில் ஆளுயரச் சார்ட் தாளை ஒட்டிக் கட்டம் போட்டாள், கோடு இழுத்தாள். ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த வருஷம் வந்தது. ஒரே செல்லப்பெயரில் இரண்டு பேர் முளைத்தார்கள். உயிரோடிருக்கும் பெரியம்மாவையே அவசரப்பட்டுச் சாகடித்து, மறுநாள் அழிரப்பரால் உயிர் கொடுத்ததும் நடந்தது.

“சித்தி கடைக்குப் போனா, ‘முந்தாநாள்தானே ஒருத்தர் வந்து எங்க வீட்டுக் கதையெல்லாம் கேட்டுட்டுப் போனார்’னாங்க. பெரியம்மா வீட்டுக்குப் போனா அங்கேயும் அதே பேச்சு. எனக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் எங்கம்மா வீட்டுக்குள்ள நடமாடறான், மேடம். படுத்தா தூக்கம் வரலை.”

“ஆள்?”

“நடுத்தர வயசு. நடுத்தர உயரம். மீசை, தொப்பி. தூரத்துச் சொந்தம்னு சொன்னானாம்.”

“அப்ப ஊர்ல பாதிப் பேரைப் பிடிச்சு உள்ள போடணும்” என்றான் ரேடியோ.

“வீட்டில்?”

“நானும் அவரும்தான். லிஃப்ட் மெக்கானிக். மாடியில என் நாத்தனார். சாப்பிட மட்டும் இறங்கி வருவாங்க. சுவத்தைப் பார்த்து, ‘இதுல எங்க ஆளு ஒருத்தரையும் காணோமே’ன்னு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு ஏறிடுவாங்க.”

ரேடியோ தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. “மூடியைத் திறந்து குடு, தம்பி” என்றாள். அதையும் ஒற்றைக் கையால்தான் வாங்கிக் குடித்தாள்.

மேடம் எழுந்துகொண்டார். “சார்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்க. நீங்க எங்கேயும் போகாதீங்க.”

சலவைக் கடைக்குள் நீராவி முகத்தில் அடித்தது. சித்தி தேய்ப்புப் பெட்டியைவிட்டுக் கண்ணெடுக்காமலே பேசினாள். சட்டைக் காலர் அளவுக்குக்கூட இவர்கள் முக்கியமில்லை என்று தெரிந்தது.

“சொந்தம்னா, யாருக்கு யார் பொறந்தாங்கன்னுதானே கேப்பாங்க? இவன் அதைக் கேக்கவே இல்லை. எங்க வீட்டுல யார் யார் எப்படிப் போய்ச் சேர்ந்தாங்கன்னு கேட்டான்.”

ரேடியோ தேய்ப்பு மேசைமேல் குனிந்தான். “நீங்க என்ன சொன்னீங்க?”

“உள்ளதைச் சொன்னேன். எங்கப்பா வயசாகி. எங்கக்கா, அந்தப் பொண்ணோட அம்மா, படியில விழுந்து. அதுக்கு அவன், ‘அதுக்கு முன்னாடி அவங்க கையிலிருந்து சாமான் நழுவுமா’ன்னு கேட்டான். நழுவாம? அவ தட்டு கழுவினா பாதிதான் அலமாரிக்குப் போகும். ஆமாம்னேன். பாவி மனுஷனுக்கு மூஞ்சி வெளிறிப்போச்சு.”

“அப்புறம்?” என்றார் மேடம்.

“அப்புறமென்ன, கிளம்பிட்டான். போகும்போது ஷட்டரைப் பார்த்தான். வருஷக்கணக்கா பாதியிலேயே நிக்கும். குனிஞ்சுதான் வரணும், போகணும். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து ரெண்டு திருகு திருகினான். இப்போ சொன்ன பேச்சு கேக்குது.”

தெருவுக்கு வந்ததும் ரேடியோவின் கால் தரையில் நிற்கவில்லை. கிடந்த கல்லையெல்லாம் உதைத்துக்கொண்டே நடந்தான். “மேடம், இது சாதாரண ஆள் இல்லை. சாவை விசாரிக்கிறான்னா ஒண்ணு சொத்து, இல்லை கொலை. அந்தம்மா தானா விழலை, தள்ளிவிட்டிருக்காங்க. தள்ளினவன் திரும்பி வந்து, யாருக்காவது தெரியுமான்னு நோட்டம் பார்க்கிறான்.”

“ஷட்டர்” என்றார் மேடம்.

“அதுதான் எனக்கும் புரியலை. கொலைகாரன் எதுக்கு ஷட்டரை ரிப்பேர் பண்ணணும்?”

பஸ் வந்தது.

பெரியம்மா இருந்தது பழைய அடுக்குமாடிக் கட்டடம். சார்ட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வீட்டு எண் பதினான்கு என்று சொன்னான் ரேடியோ. கதவைத் தட்டினான். பதில் இல்லை. பலமாகத் தட்டினான்.

திறந்தவள் முறைத்த முறைப்பில் இரண்டு படி இறங்கிவிட்டான். கலைந்த தலை, கசங்கிய நர்ஸ் உடுப்பு.

“மறுபடியுமா! நைட் டூட்டி பார்த்துட்டு வந்து மனுஷி தூங்க வேண்டாமா? அந்தப் பெரியம்மா இங்க இல்லை. முதல்ல ஒரு ஆள் வந்து தட்டினார். அப்புறம் ஒரு அம்மா. இப்ப நீங்க. வாசல்ல போர்டு மாட்டிடட்டுமா?”

“அந்த அம்மாகிட்டே இதைச் சொன்னீங்களா?” என்று கேட்டார் மேடம்.

“சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவங்க கையிலிருந்த பை நழுவி, எல்லாம் சிதறிடுச்சு. பாவமா இருந்துச்சு. பொறுக்கிக் கொடுத்து, கீழ வாட்ச்மேனைக் கேளுங்கன்னு அனுப்பிட்டேன்.” கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். “ஆனா முதல்ல வந்த ஆள் பரவாயில்லை. எங்க லிஃப்ட் கதவு கிறீச்சுன்னு கத்தும். தூங்க விடாது. போறபோக்குல ஏதோ பண்ணிட்டுப் போனார். இப்ப சத்தமே இல்லை. நீங்க என்ன ரிப்பேர் பண்ணப் போறீங்க?”

ரேடியோ முதல்முறையாக லிஃப்டைப் பார்த்தான். பிறகு மேடத்தைப் பார்த்தான். மேடம் போனில் சித்தியைப் பிடித்திருந்தார்.

“உங்க அக்கா வீட்டு நம்பர்? . . . நாப்பத்தொண்ணா. சரி.”

போனை வைத்தார். “சித்தி சொன்னது நாற்பத்தொன்று. சார்ட்டில் எழுதியது பதினான்கு.”

“அவசரத்துல அக்கா மாத்தி எழுதிட்டாங்க, அப்புறம் திருத்தவும் இல்லை. அதனால அவங்களும் இங்கதான் வந்து தட்டியிருக்காங்க. நாமளும் . . .” ரேடியோவின் வாய் அப்படியே நின்றது. “மேடம்! அந்த ஆளும் இங்கதானே தட்டியிருக்கான்!”

“அந்தத் தப்பு ஊரில் ஒரே ஒரு சுவரில்தான் இருக்கு.”

“அப்ப அவன் வெளியாள் இல்லை. அந்தச் சுவத்தைத் தினமும் பார்க்கிற ஆள். ஸ்பேனர், ஷட்டர், லிஃப்ட் . . .” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “கட்டின புருஷனேவா!”

நாற்பத்தொன்றில் பெரியம்மா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வந்த ஆள் இங்கேயும் அதே கேள்விகளைத்தான் கேட்டிருந்தான். அவள் பேசிக்கொண்டிருக்கையில் மேடம் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய குடும்பப் போட்டோவின் முன்னால் நின்றார். நாற்காலியில் பெற்றோர், பின்னால் மூன்று பெண்கள். பெரியம்மாவின் தோளில் ஒரு கை. கைக்குச் சொந்தக்காரரைக் காணோம். போட்டோவின் ஓரத்தை மடித்துச் சட்டத்துக்குள் செருகியிருந்தார்கள்.

“இந்தக் கை யாரோடது?”

பெரியம்மாவின் முகம் இறுகியது. “எங்களுக்கு ஒரு தம்பி உண்டு. பேசறதில்லை. அதனால யார்கிட்டேயும் சொல்றதும் இல்லை.”

ரேடியோ எட்டிப் பார்த்தான். எல்லாரும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். அந்தக் கை மட்டும் பஞ்சுபோலக் கலங்கியிருந்தது. “போட்டோகிராபருக்குக் கை ஆடியிருக்கும் மேடம்.”

“அவர் கை ஆடினா எல்லாரும் கலங்கணும்.” மேடம் பெரியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி எங்கே இருக்கார்?”

“வண்ண மீன் கடை வெச்சிருக்கான்” என்றாள் பெரியம்மா, எங்கோ பார்த்துக்கொண்டு. ஊரும் தெருவும் தடுமாறாமல் வந்தன. பேசாத தம்பியின் விலாசம் மனப்பாடமாக இருந்தது.

அன்று மாலை மேடம் கண்ணாடிக் கடைக்காரிக்குப் போன் செய்தார். மாமா ஒருவர் கிடைத்திருக்கிறார், விலாசத்தைச் சுவரில் எழுதுங்கள், யாரிடமும் பேச வேண்டாம், காலையில் அந்தக் கடைக்கு வந்துவிடுங்கள் என்றார். மேடத்துக்கு இது பிரசங்கம்.

“அவன் வருவானா மேடம்?” என்ற அவள் குரல் போனைத் தாண்டி ரேடியோவுக்கே கேட்டது.

“வருவான்.”

ரேடியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அவர்தான்னு தெரிஞ்சுபோச்சே. நேரா கேட்டுடலாமே?”

“நாம கேட்டா பொய் சொல்வார். அவர் கேக்கட்டும்.”

மீன் கடை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். காற்றுக் குமிழிகள் ஓயாமல் பொங்கிக்கொண்டிருந்தன. கடைசி வரிசைத் தொட்டிக்குப் பின்னால் கண்ணாடிக் கடைக்காரி நின்றாள். நீல வெளிச்சம் அவள் முகத்தில் அலைந்தது. இடது கை இப்போதும் பைக்கு அடியில். பக்கத்தில் மேடம். ரேடியோ வாசலருகே நின்று ஒரு தங்கமீனை விலை பேசுகிறவன்போல முறைத்துக்கொண்டிருந்தான். அது பதிலுக்கு முறைத்தது. கடைக்காரப் பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கைவரை ஒரு தொட்டிக்குள் விட்டுப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். யார் வந்து நின்றாலும் மீனுக்குத்தான் முதல் மரியாதை என்பது அவர் சட்டம்.

தொப்பியைக் கையில் பிடித்தபடி லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நடுத்தர வயசு, நடுத்தர உயரம், மீசை. வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்க வேண்டும். தோளில் கருவிப் பை.

தொட்டிக்குப் பின்னால் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. நல்லவேளை, குமிழிச் சத்தம் அதை விழுங்கியது.

“ஐயா, நான் தூரத்துச் சொந்தம். உங்க அக்கா ஒருத்தர் படியில விழுந்து . . .” அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். “அவங்களுக்கு உடம்புக்கு என்ன? கையில ஆரம்பிச்சுதா? எத்தனை நாள் இருந்தாங்க?”

ரேடியோ வாசலை அடைத்து நின்றான். “சார், லிஃப்ட் இங்க நிக்குது. இறங்குங்க.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஓடப் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்ட மனிதனுக்கு வரும் கோபமும் வரவில்லை. யாரிடமாவது சொல்லிவிட மாட்டோமா என்று காத்திருந்தவர்போலக் கொட்டினார்.

“நீங்க யாரா வேணா இருங்க தம்பி. என் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவளுக்குக் கை ஆடுது. கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்டறப்போ கீழ போட்டுட்டு, ஸ்க்ரூ மட்டம்னு திட்டறா. கோப்பையில பாதிதான் ஊத்தறா. என்கிட்ட மூச்சு விடலை. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லலை. நான் கேட்டா பயந்துடுவா. அவங்கம்மா சின்ன வயசுலேயே போனவங்க. எதனாலன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா? அவ சுவத்துல ஒரு பேர் எழுதினா அன்னைக்கே விலாசத்தைக் குறிச்சுக்குவேன். முதல்ல நான் போய்க் கேட்டுடணும். ஏதாவது மோசமா இருந்தா, அவ காதுக்குப் போகாமப் பார்த்துக்கணும்.”

“என் காதுக்குப் போகாம?”

தொட்டிக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள். அவர் கையிலிருந்து தொப்பி விழுந்தது.

“ஓவர்டைம்னு சொன்னீங்களே!” என்றாள்.

“நீ பொழுதுபோக்குன்னு சொன்னியே?” என்றார்.

அவர் குனிந்து தொப்பியை எடுத்தார். மேடம்தான் பேசினார். “ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பதில். அவங்க பிறப்பைக் கேட்டாங்க. நீங்க இறப்பைக் கேட்டீங்க.”

“அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன்” என்றாள் அவள், கணவரைப் பார்க்காமல். “எங்கம்மாவுக்கும் இப்படி இருந்துச்சான்னு. உள்ள போய் உட்கார்ந்ததும் வாய் வராது. யாருக்கு யார் பிள்ளைன்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்துடுவேன். சுவர் ரொம்பிடுச்சு. கேக்க வேண்டியதை மட்டும் கேக்கவே இல்லை.”

பைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்தாள். அது காற்றில் தந்திக்கம்பிபோல அதிர்ந்துகொண்டிருந்தது. வைரம் என்று நினைத்த தன் புத்தியை ரேடியோ மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டான்.

இத்தனை நேரமும் தொட்டிக்குள் கைவிட்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். கையை வெளியே எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், நாலு பக்கமும் நீர் தெறித்தது. அவர் கையும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவளைவிட வேகமாக, கூச்சமே இல்லாமல். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

“நம்ம வீட்டுப் பொண்ணுதான்” என்றார்.

அவள் தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“மாமா” என்று ஒருவழியாக வந்தது. “இது . . . எவ்வளவு நாளா?”

“எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே. எங்கப்பாவுக்கும் உண்டு. அவர் பேரன் பேத்தி எடுத்து, எல்லாரையும் திட்டித் தீர்த்துட்டுத்தான் போனார். கையெழுத்துப் போட்டா கோழி கிளறின மாதிரி இருக்கும். கோப்பையைப் பாதிதான் ரொப்பணும். மத்தபடி கல்லு மாதிரி இருக்கேன் பாரு.”

“அம்மா?”

பெரியவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கினார். நீளமாக ஒரு பழைய தழும்பு.

“அன்னைக்கு நல்ல மழை. படி முழுக்கப் பாசி. உங்கம்மா விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடினேன். அதே படியில நானும் வழுக்கினேன். எனக்கு முழங்கால் போச்சு. அவளுக்குத் தலையில பட்டுடுச்சு. அவ தட்டு உடைச்சது கையால. விழுந்தது காலால. ரெண்டையும் முடிச்சுப் போடாதே.”

அவள் அழுதாள். சத்தமில்லாமல், நின்றபடியே. கணவர் பக்கத்தில் வந்தார். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துவிட்டார்.

பெரியவருக்கு அழுகை பார்த்துப் பழக்கமில்லை போலிருந்தது. ஒரு டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். “இந்தா, மீனுக்குத் தீனி போடு. ஒரே இடத்துல கொட்டினா பெருசே எல்லாத்தையும் தின்னுடும். பரவலா விழணும். வேலைக்கு வந்த பசங்க ஒருத்தனுக்கும் கை வரலை. நமக்கு அந்தக் கவலையே இல்லை.”

அவள் ஒரு சிட்டிகை எடுத்து இடது கையை நீட்டினாள். தீனி மழைத்தூறலாக நீரெங்கும் உதிர்ந்தது. மீன்கள் நாலா பக்கமிருந்தும் மேலே வந்தன. அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“டாக்டர்” என்றார் மேடம். “இன்னைக்கே. சேர்ந்து.”

இருவரும் கிளம்பினார்கள். அவர் பைக்கைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் யார் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று சண்டை ஆரம்பமாகியிருந்தது.

“நல்லபடியா முடிஞ்சுது மேடம்” என்றான் ரேடியோ.

“முடியலை. பின்னாடியே போ.”

“யார் பின்னாடி? அவங்க பின்னாடியா? இனி கண்டுபிடிக்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை. ஆனா நடுவழியில திரும்பிடுவாங்க.”

திரும்பத்தான் பார்த்தார்கள். டாக்டர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் எதிர்க்கடைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் வந்தாள். ரேடியோ தொண்டையைக் கனைத்தான். இருவரும் திரும்பினார்கள். விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பல்லைக் காட்டினான். அவள் முறைத்துவிட்டு, கணவரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போனதைச் சொல்லிவிட்டு அலுவலகம் திரும்பியிருக்கலாம். அவனுக்குப் போக மனம் வரவில்லை. கம்பத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். உள்ளே போன நோயாளிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இவர்கள் வரவில்லை. பல்வலிக்காரன்போல நடக்கிறானே என்று வாசலில் காத்திருந்த ஒருவர், டாக்டரை முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன் இடத்தைத் தர முன்வந்தார்.

கடைசியில் கதவு திறந்தது. முதலில் அவள் வந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

“நீ இன்னும் போகலையா தம்பி?” என்றவள், அவன் கேட்பதற்கு முன்பே சொன்னாள். “மாமா சொன்னதையேதான் சொன்னார். டாக்டர் வெச்ச பேரு மட்டும் வாய்ல நுழையாது. தொந்தரவு அதிகமானா மாத்திரை இருக்காம். கடையைப் பார்க்கலாம், ஸ்க்ரூவை மட்டும் வேற யாரையாவது மாட்டச் சொல்லுன்னார்.”

“அப்புறம் ஏன்க்கா சார் மூஞ்சி அப்படி இருக்கு?”

“இன்னொரு டாக்டரையும் பார்த்துடணுமாம்.”

அவர் அதற்குள் பைக்கை மறந்துவிட்டுச் சாலையைக் கடந்திருந்தார். அந்தப் பக்கம் நின்று, “சீக்கிரம் வா, மூடிடப்போறாங்க!” என்று கத்தினார்.

“இவரை என்ன பண்றது, சொல்லு!” என்றாள் அவள். வந்துகொண்டிருந்த காருக்கு ஆடுகிற கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவரைப் பிடிக்க ஓடினாள்.